குளிர்காலம் முடிந்ததும் தேனீப் பெட்டியைப் பார்ப்பது எப்படி: புதிதாக வளர்ப்பவர்களுக்கு

முதல் முறை தேனீ வளர்க்கிற எல்லோருக்கும் குளிர்காலக் கடைசியில் கை பரபரக்கும். மூடியைத் தூக்கி உள்ளே உயிர் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். கொஞ்சம் பொறுங்கள். குடும்பம் பிழைத்திருக்கிறதா, சாப்பாடு மிச்சமிருக்கிறதா, ராணி முட்டையிடுகிறதா என்று மூன்று கேள்விகள் இருக்கின்றன, இதில் முதல் இரண்டுக்கும் பெட்டிக்கு வெளியே நின்றபடியே பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும். மூன்றாவதுக்கு நல்ல வெயில் வரும்வரை காத்திருந்தால் ஒன்றும் குடி முழுகிப்போகாது. ஆனால் இரண்டாவது கேள்வியைத் தள்ளிப்போட்டால் நிஜமாகவே முழுகிவிடும்.

நான் இங்கே சொல்வது வாரக்கணக்கில் தேனீக்கள் வெளியே வர முடியாத அளவுக்குக் குளிரும் இடங்களுக்கு, ஐரோப்பிய இனமான மெல்லிஃபெரா தேனீயை, அடை கட்டுவதற்கான மரச் சட்டங்களை வரிசையாகத் தொங்கவிட்ட லாங்ஸ்ட்ராத் வகைப் பெட்டிகளில் வளர்ப்பவர்களுக்கு. வருடம் முழுக்கப் பூ கிடைக்கும் இடங்களில் கதையே வேறு.

உள்ளே என்ன நடக்கிறது

தேனீக்கள் குளிர்காலத்தில் தூங்குவதில்லை. பெட்டிக்குள் வெப்பம் ஏறத்தாழ 14 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு உருண்டையாகத் திரள்கின்றன. இறக்கையை அசைக்காமல் பறப்பதற்கான தசைகளை மட்டும் அதிரவைத்துச் சூடு உண்டாக்குகின்றன, அதற்கு எரிபொருள் சேர்த்துவைத்த தேன். பெட்டி முழுவதையும் அவை சூடாக்குவதில்லை, திரளை மட்டும்தான். தேனைத் தின்னத் தின்னத் திரள் மெல்ல மேலே நகரும்.

புழு, அதாவது அறைகளில் வளரும் தேனீக் குஞ்சுகள், இல்லாத மாதங்களில் திரளின் நடுப்பகுதி 20 டிகிரியை ஒட்டி இருந்தாலே போதும். பகல் நீளத் தொடங்கி ராணி முட்டையிட ஆரம்பித்ததும் புழுக்கள் இருக்கும் இடத்தை 34, 35 டிகிரியில் வைத்தாக வேண்டும். வெளியே இன்னும் பனி கிடக்கும்போதே இது தொடங்கிவிடும், அதனால் தேன் செலவு ஒரேயடியாக ஏறிவிடும். நிறையக் குடும்பங்கள் கடுங்குளிரைத் தாண்டிவந்துவிட்டு, முதல் பூ பூக்கும் சமயத்தில் பட்டினியில் போவது இதனால்தான். நடுக்குளிர்காலத்தில் உயிரோடு இருந்தது, அதனால் தப்பித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்று, கோடைக்காலத் தேனீயின் ஆயுள் சுமார் ஆறு வாரம். இலையுதிர் காலத்தில் பிறக்கும் தேனீக்கள் உடலில் கொழுப்பு அதிகம் சேர்த்துக்கொண்டு ஐந்தாறு மாதம்வரை தாக்குப்பிடிக்கும். குளிர்காலக் கடைசியில் பெட்டியில் இருப்பவை பெரும்பாலும் அந்தக் கிழடுகள்தான். புதியவை பிறந்து இடத்தை நிரப்பும்வரை, நல்ல ஆரோக்கியமான குடும்பத்திலும் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும். இலையுதிர் காலத்தில் பார்த்த கூட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தால் பயந்துபோவீர்கள்.

முதல் படி: வெளியே நின்று பாருங்கள்

காற்றில்லாத, வெயில் அடிக்கும் ஒரு மத்தியானம், வெப்பம் 10 டிகிரியைத் தொடும்போது போய் நில்லுங்கள். தேனீக்கள் பெட்டிக்குள் மலம் கழிக்காது, வாரக்கணக்கில் அடக்கிவைத்திருந்துவிட்டு முதல் வெதுவெதுப்பான நாளில் வெளியே பறந்து கழிக்கும். பனியின் மேலும் காயப்போட்ட துணியிலும் மஞ்சளும் பழுப்புமாகப் புள்ளிகள் விழுந்தால் மகிழ்ச்சி அடைய வேண்டிய விஷயம்தான், துணிக்குச் சொந்தக்காரருக்கு அது புரியாது. ஆனால் பெட்டியின் முகப்பெல்லாம் கோடு கோடாகக் கழிந்துவைத்திருந்தால் வயிற்றுப்போக்கு. அந்தப் பெட்டியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வாசலில் செத்த தேனீக்கள் குவிந்து கிடப்பதைப் பார்த்து மனம் ஒடிந்துபோக வேண்டாம். குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கில் சாவது இயல்பு, அவற்றை வெளியே இழுத்துப் போட உள்ளே ஆள் இருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். பக்கத்துப் பெட்டிகள் எல்லாம் பறந்துகொண்டிருக்க ஒன்று மட்டும் ஓசையில்லாமல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். அப்போதும் முதல் வேலை, வளைத்த கம்பி ஒன்றை வாசலுக்குள் விட்டுப் பிணங்களைச் சுரண்டி வெளியே எடுப்பது. அடிப்பலகையில் பிணம் சேர்ந்து வாசல் அடைத்துக்கொண்டதால் உள்ளே நல்ல குடும்பம் மாட்டிக்கொண்டிருக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு.

போக்குவரத்து இருந்தாலே குடும்பம் உயிரோடு இருக்கிறது என்றும் முடிவுகட்டிவிடாதீர்கள். செத்துப்போன பெட்டியில் மிச்சமிருக்கும் தேனைத் திருட மற்றப் பெட்டிகளின் தேனீக்கள் சுறுசுறுப்பாக வந்துபோகும், தூரத்திலிருந்து பார்த்தால் நல்ல குடும்பம்போலவே தெரியும். கால்களைக் கவனியுங்கள். திருட வருகிறவை மகரந்தத்தைச் சுமந்துகொண்டு உள்ளே போகாது. பின்னங்கால்களில் மகரந்த உருண்டையோடு தேனீக்கள் நுழைந்தால் அது வீட்டுக்காரர்கள்தான், உள்ளே அநேகமாகப் புழுவும் இருக்கும்.

பறக்க முடியாத அளவுக்குக் குளிராக இருந்தால் காதைப் பெட்டியின் பக்கவாட்டில் வைத்து விரலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். ‘உஸ்’ என்று ஒரு சத்தம் எழுந்து ஓரிரு நொடியில் அடங்கினால் நல்லது. அடங்காமல் முனகிக்கொண்டே இருந்தால் ராணி இல்லாமல் இருக்கலாம், அதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஒன்றுமே கேட்கவில்லை என்றாலும் செத்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள், திரள் சின்னதாக இருந்து நடுவில் உட்கார்ந்திருந்தால் பலகையைத் தாண்டிச் சத்தம் வராது.

இப்போது எடை. என்னைக் கேட்டால் இந்த முழு வேலையிலும் முக்கியமானது இதுதான். பெட்டியின் பின்பக்கத்தை ஒரு கையால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் தூக்கிப் பாருங்கள். அடியில் ஆணி அடித்ததுபோல் அசைய மறுத்தால் சாப்பாடு இருக்கிறது. சட்டென்று மேலே வந்துவிட்டால் ஆபத்து. புதியவர்களுக்குக் கை எடை பழகியிருக்காது, அதனால் இதே அளவுள்ள காலிப் பெட்டி ஒன்றைச் சட்டங்களோடு அடுக்கிவைத்து அதையும் தூக்கிப் பாருங்கள், வித்தியாசம் உடனே புரியும். பயணப் பெட்டிகளை எடைபோடும் கொக்கித் தராசு இருந்தால் இன்னும் நல்லது, ஒரு பக்கம் தூக்கி ஓர் எண், மறுபக்கம் தூக்கி ஓர் எண், இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய மொத்த எடை. தேன் நிரம்பிய பெரிய சட்டம் ஒன்று 3 கிலோவை ஒட்டி இருக்கும் என்பதை வைத்து உள்ளே எத்தனை சட்டம் மிச்சம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை எடுத்து எழுதிவையுங்கள், எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதும் தெரிய வேண்டும்.

அடியில் வலையும் அதன் கீழே இழுக்கும் தட்டும் உள்ள பெட்டி என்றால் தட்டைச் சுத்தம் செய்து சில நாள் உள்ளே விட்டு எடுங்கள். தேனறையின் மூடியைக் கடித்துத் திறக்கும்போது உதிரும் மெழுகுத் தூள் தட்டில் வரிசை வரிசையாக விழுந்திருக்கும். எத்தனை வரிசையோ அத்தனை சட்ட இடைவெளிகளில் தேனீக்கள் இருக்கின்றன, வரிசை எந்தப் பக்கமோ திரள் அந்தப் பக்கம். மூடியைத் தொடாமலே இவ்வளவும் தெரியும். மெழுகு பொடியாக இல்லாமல் பெரிய பெரிய துணுக்குகளாக, தேனீயின் தலையும் காலும் கலந்து, எலிப்புழுக்கையோடு கிடந்தால் உள்ளே எலி குடியேறியிருக்கிறது.

இரண்டாம் படி: மூடியை மட்டும்

எடை குறைவாகத் தெரிந்தால் மட்டும், 8 முதல் 10 டிகிரி உள்ள காற்றில்லாத நாளில் மேல்மூடியைத் தூக்கி ஒரு நிமிடத்துக்குள் பார்த்துவிட்டு மூடுங்கள். சட்டம் எதையும் உருவ வேண்டாம். திரள் கீழே இருந்து, அதற்கு மேலே மூடிய தேனறைகள் தெரிந்தால் கவலையில்லை. திரள் மூடியை ஒட்டி உச்சியில் வந்து உட்கார்ந்திருந்தால் மேலே தின்ன ஒன்றும் இல்லாமல் போயிருக்கலாம். அன்றைக்கே சாப்பாடு வையுங்கள்.

என்ன சாப்பாடு? குளிரில் சர்க்கரைப் பாகு வேண்டாம், அதன் தண்ணீரை ஆவியாக்கவே தேனீக்களுக்குச் சக்தி போதாது, பெட்டியில் ஈரமும் ஏறும். கெட்டியான சர்க்கரைக் கட்டி, அதாவது பேக்கரிக்காரர்கள் பயன்படுத்தும் ஃபாண்டன்ட் மாதிரியானது, நல்லது. அது இல்லையென்றால் சட்டங்களின் தலைக்கட்டைமேல் செய்தித்தாள் ஒன்றை விரித்து, அங்கங்கே சின்னக் கீறல் போட்டு, வெள்ளைச் சர்க்கரையைக் கொட்டி, கட்டிதட்டும் அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளியுங்கள். திரளுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். ஒரு சாண் தள்ளி வைத்தால்கூடக் குளிரில் அங்கே நடந்து போகாமல் பட்டினி கிடக்கும். மூடி உட்கார இடமில்லை என்றால் சில சென்டிமீட்டர் உயரமுள்ள மரச் சட்டகம் ஒன்றை இடையில் வையுங்கள்.

பழுப்புச் சர்க்கரையும் வெல்லமும் வேண்டாம், அவற்றில் உள்ள கசடைத் தேனீயால் செரிக்க முடியாமல் வயிற்றுப்போக்கு வரும். அதைவிட முக்கியம், கடையில் வாங்கிய தேனையோ யாரோ தந்த தேனையோ வைக்காதீர்கள். அதில் புழு அழுகல் நோயின் வித்துகள் இருக்கலாம், நமக்கு ஒன்றும் செய்யாது, குடும்பத்தை அழித்துவிடும்.

மூடியின் உட்புறம் நனைந்து சொட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் அந்த ஒரு நிமிடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தேனைத் தின்று மூச்சுவிடும்போது நிறைய நீராவி வெளியேறும், குளிர்ந்த மூடியில் பட்டு நீராகித் திரளின்மேல் சொட்டும். உலர்ந்த குளிரைத் தேனீக்கள் சமாளித்துவிடும், நனைந்தால் சமாளிக்காது. பெட்டியை முன்பக்கமாகச் சற்றே சாய்த்துவைத்து, மூடிக்கு உள்ளே குளிர் ஏறாத தகடோ ஈரம் உறிஞ்சும் பொருளோ வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மூன்றாம் படி: முழுசாகத் திறப்பது

15 டிகிரிக்கு மேலே, தேனீக்கள் தாராளமாகப் பறந்து மகரந்தம் கொண்டுவரும் நாள் வேண்டும். நாட்காட்டியைப் பார்த்துத் தேதி குறிக்காதீர்கள், ஊருக்கு ஊர், வருடத்துக்கு வருடம் மாறும். புகையூட்டி, நெம்பும் உளி, முகவலை, சுத்தமான அடிப்பலகை ஒன்று, குறித்துக்கொள்ளப் பேனா, இவ்வளவு போதும். வாசலில் இரண்டு ஊது புகை, கொஞ்சம் காத்திருந்து மூடியைத் தூக்குங்கள்.

ஓரத்துச் சட்டத்தை முதலில் எடுத்துக் கீழே சாய்த்துவையுங்கள், அப்போதுதான் மற்றவற்றை நகர்த்த இடம் கிடைக்கும், தேனீக்கள் நசுங்காது. அப்புறம் ஒவ்வொன்றாக நடுவை நோக்கி வாருங்கள். புழு இருக்கும் சட்டத்தை வெளியே அதிக நேரம் வைத்திருந்தால் குளிர்ந்து செத்துவிடும், அதனால் பார்த்ததும் அதே இடத்தில், அதே பக்கம் பார்க்க வையுங்கள். மொத்தம் பத்து நிமிடத்துக்குமேல் தேவையில்லை.

ராணியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். நீங்கள் தேட வேண்டியது முட்டை. சூரியன் உங்கள் தோளுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று, சட்டத்தைச் சாய்த்து அறைகளின் அடியைப் பாருங்கள், ஒவ்வொரு அறையிலும் அரிசிக்குருணையைவிடச் சின்னதாக, வெள்ளையாக ஒன்று நின்றுகொண்டோ சாய்ந்தோ இருக்கும். முட்டை மூன்று நாளில் பொரிந்துவிடும் என்பதால், முட்டையைப் பார்த்துவிட்டால் கடந்த மூன்று நாளுக்குள் ராணி அங்கே இருந்திருக்கிறது. மூடிய புழு அறைகள் உள்ளங்கை அளவுக்கு இருந்தாலும் இந்தப் பருவத்தில் போதும், ஓட்டை ஓட்டையாக இல்லாமல் ஒரே திட்டாக, மூடி தட்டையாக இருக்க வேண்டும்.

மூடிகள் துப்பாக்கி ரவை மாதிரி புடைத்துக்கொண்டு அங்கங்கே சிதறியிருந்தால் பணித் தேனீ அறைகளில் ஆண் தேனீக்கள் வளர்கின்றன, ராணியிடம் விந்து தீர்ந்துவிட்டது அல்லது ராணியே இல்லை. ஓர் அறையில் பல முட்டைகள் பக்கச் சுவரில் ஒட்டிக் கிடந்தால் பணித் தேனீக்களே முட்டையிட ஆரம்பித்துவிட்டன. குளிர்காலக் கடைசியில் இந்தக் குடும்பங்கள் தாமாகவே புது ராணியை வளர்த்து மீள்வது நடக்காத காரியம், இணைசேர வெளியே ஆண் தேனீக்கள் கிடையாது, வளர்க்கச் சரியான புழுவும் கிடையாது. வீணாய்ப்போன ராணியைக் கண்டுபிடித்து அகற்றிவிட்டு நல்ல ராணியுள்ள இன்னொரு குடும்பத்தோடு சேர்ப்பதுதான் நடைமுறை. இரண்டு பெட்டிக்கும் நடுவில் ஒரு செய்தித்தாளைக் கீறல் போட்டு வைத்தால் சில நாளில் கடித்துத் துளைத்துக்கொண்டு வாசனை பழகிக் கலந்துவிடும். ஆனால் நோயில்லை என்று தெரிந்தால் மட்டும் சேர்த்துவிடுங்கள், நோயுள்ள குடும்பத்தை நல்லதோடு சேர்த்தால் இரண்டும் போகும்.

நான்கைந்து சட்ட இடைவெளிகளில் தேனீக்கள் நிறைந்து, முட்டையும் இருந்தால் நல்ல குடும்பம். இரண்டு இடைவெளிதான் இருக்கிறது, ஆனால் முட்டை இருக்கிறது என்றால் சின்னப் பெட்டிக்கு மாற்றுங்கள் அல்லது தடுப்புப் பலகை வைத்து இடத்தைக் குறுக்குங்கள், சூடாக்க வேண்டிய இடம் குறைந்தால் தேறிவரும். பலவீனமான குடும்பத்துக்கு வலுவானதிலிருந்து புழுச் சட்டம் எடுத்துக் கொடுக்கச் சிலர் சொல்வார்கள். இந்தப் பருவத்தில் எனக்கு அதில் உடன்பாடில்லை, போர்த்திக் காக்கத் தேனீ போதாமல் புழுவும் சாகும், கொடுத்த குடும்பமும் பின்தங்கும்.

மூட முன்பு அடிப்பலகையை மாற்றிவிடுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்துக் குறைந்தது மூன்று நான்கு சட்டத் தேன் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பகல் வெப்பம் 10 டிகிரிக்கு மேலே நிலைத்திருக்கும் பட்சத்தில் சர்க்கரையும் தண்ணீரும் சம எடையில் கலந்த பாகு கொடுக்கலாம். ஆரம்பித்தால் பூ வரும்வரை விடாமல் கொடுங்கள், பாகைப் பார்த்து ராணி முட்டையை அதிகரித்த பிறகு நிறுத்தினால் வாய்கள்தான் கூடும்.

உண்ணியைப் பற்றி

வரோவா உண்ணி தேனீயின் இரத்தத்தைக் குடிக்கிறது என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். 2019-ல் சாமுவேல் ராம்சேயும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் அது முக்கியமாகத் தின்பது தேனீயின் கொழுப்புத் திசுவை என்று காட்டினார்கள். குளிர்காலத் தேனீ ஐந்தாறு மாதம் வாழ்வதே அந்தக் கொழுப்பை நம்பித்தான் என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால், இலையுதிர் காலத்தில் உண்ணியைக் கவனிக்காமல் விட்ட பெட்டிகள் ஏன் குளிர்காலம் தாண்டுவதில்லை என்பது விளங்கிவிடும்.

பெட்டியில் ஐந்தாறு இடைவெளிக்குத் தேனீ பெருகியதும் அளந்து பாருங்கள். ராணி இல்லாத புழுச் சட்டத்திலிருந்து அரைக் கோப்பை, அதாவது சுமார் 300 தேனீக்களை ஆல்கஹால் உள்ள சீசாவில் போட்டு ஒரு நிமிடம் குலுக்கி, வடிகட்டி, உதிர்ந்த உண்ணிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் நூற்றுக்கு எத்தனை என்று வந்துவிடும். 1-க்குக் கீழே என்றால் நிம்மதி. 2, 3 என்று வந்தால் தேன் சேர்ப்பதற்கான மேல்பெட்டியை வைப்பதற்கு முன்பே சிகிச்சை செய்யுங்கள். 300 தேனீயைக் கொல்வதா என்று மனம் வராதவர்கள் உண்டு, ஆனால் நல்ல ராணி ஒரே நாளில் அதைவிட அதிகம் முட்டையிடும்.

செத்துப்போயிருந்தால்

முதலில் நிஜமாகவே செத்ததா என்று பாருங்கள். குளிரில் விறைத்த தேனீ பிணம்போலவே இருக்கும், சிலவற்றைக் கையில் எடுத்து வெதுவெதுப்பாக வைத்தால் கால் அசையும். அசைவே இல்லை என்றால் உடனே வாசலை அடைத்துவிடுங்கள், மற்றப் பெட்டித் தேனீக்கள் உள்ளே வந்து தேனோடு நோயையும் எடுத்துப் போகக்கூடாது. அதற்குப் பிறகு அவசரமில்லை, உட்கார்ந்து நிதானமாகப் பாருங்கள்.

தேனீக்கள் தலையை அறைக்குள் விட்டு வால் மட்டும் வெளியே தெரியும்படி செத்திருந்தால், சுற்றிலும் தேன் இல்லையென்றால், பட்டினி. சில சமயம் ஒரு சாண் தள்ளி நிறையத் தேன் இருக்கும். திரள் சின்னது, குளிர் நீண்டது, அதனால் அங்கே போய்ச் சேரவில்லை. பூஞ்சணம் பிடித்து ஈரமாகக் கிடந்தால் ஈரம்தான் என்று பலரும் முடிவுகட்டுவார்கள், நான் கொஞ்சம் தயங்குவேன், செத்த பிறகும் பூஞ்சணம் பிடிக்கும். மூடி நனைந்து, சட்டங்களின் தலைக்கட்டை கறுத்திருந்தால் மட்டும் ஈரத்தைச் சந்தேகியுங்கள்.

தேன் கிலோக்கணக்கில் இருக்க, கையளவு தேனீக்கள் மட்டும் செத்துக் கிடக்க, மற்றவை எங்கே போயின என்றே தெரியாமல் இருந்தால் அது பெரும்பாலும் உண்ணி. புழு இருந்த சட்டத்தைத் தலைகீழாகப் பிடித்து அறைகளின் மேற்கூரையைப் பாருங்கள், உப்புத் தூள்போல் வெள்ளையாக ஒட்டியிருந்தால் அது உண்ணியின் எச்சம். இறக்கை சுருங்கிய தேனீக்களும் அதே கதையைத்தான் சொல்லும். உள்ளே சட்டமெல்லாம் பழுப்பாகக் கழிந்திருந்தால் நொசீமா என்ற குடல் நோயாக இருக்கலாம், நுண்ணோக்கியில் பார்க்காமல் உறுதிசெய்ய முடியாது.

மூடிய புழு அறைகள் உள்ளே குழிந்து, எண்ணெய்ப் பசையோடு, ஓட்டை விழுந்து இருந்தால் நிறுத்துங்கள். ஒரு தீக்குச்சியை அறைக்குள் விட்டு மெல்ல இழுக்கும்போது பழுப்பு நிறத்தில் நூலாக இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீண்டு வந்தால் அமெரிக்க ஃபவுல்புரூட் என்ற புழு அழுகல் நோய். காய்ந்துபோய் அறையின் அடியில் பிரிக்க முடியாத கறுத்த செதிலாக ஒட்டியிருந்தாலும் அதுவே. இதன் வித்துகள் பெட்டியில் பல பத்தாண்டுகள் சாகாமல் கிடக்கும், உறைய வைத்தாலும் போகாது. பல நாடுகளில் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய் இது, பெட்டியை எரிப்பதா எப்படி என்று அவர்கள் சொல்வார்கள். அதுவரை உளியையும் கையுறையையும்கூட வேறு பெட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

பட்டினியிலோ ராணி இல்லாமலோ போன பெட்டி என்றால் அடைகளைத் தாராளமாக மறுபடி பயன்படுத்தலாம். செத்த தேனீக்களைத் தூரிகையால் தட்டிவிடுங்கள், அறைக்குள் மாட்டியவற்றைப் புதுக் குடும்பம் இழுத்து எறிந்துவிடும். வெயில் ஏறும் முன்பு சட்டங்களை மைனஸ் 18 டிகிரியில் இரண்டு நாள் வைத்து எடுத்தால் மெழுகுப்பூச்சியின் முட்டைவரை செத்துவிடும், பிறகு பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி வையுங்கள். எதனால் செத்தது என்று தெரியவில்லையா, அடைகளை எந்தக் குடும்பத்துக்கும் கொடுக்காமல் தனியே வைத்துவிட்டு, புழு உள்ள ஒரு துண்டைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். முடிவு வரும்வரை அந்தப் பெட்டியின் வாசல் அடைத்தே இருக்கட்டும்.